தலசீமியா பிள்ளைகளுக்கான அமைப்பில் தன்னார்வலராகச் சேர நினைக்கிறேன்: உண்மையில் என்ன வேலை?

தபால்_தாரமங்கலம்

அனைவருக்கும் வணக்கம். அஞ்சல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், வயது 66. சேலத்தில் தலசீமியா பிள்ளைகளுக்காக நடக்கும் ஓர் அறக்கட்டளைக்குத் தன்னார்வலர் தேவை என்று தெரிந்தவர் சொன்னார். போய்ப் பேசினேன். "வாரம் ஒரு நாள் வந்தால் போதும் சார், ஆனால் வருகிறேன் என்று சொன்ன நாளில் வந்துவிட வேண்டும்" என்றார்கள். அதற்கு மேல் விளக்க அன்று அவர்களுக்கு நேரமில்லை.

வெள்ள நிவாரணம், கண் சிகிச்சை முகாம் என்று முன்பு வேலை செய்திருக்கிறேன். அவையெல்லாம் சில நாட்களில் முடிந்துவிடும். இதுவோ பிறந்து இரண்டு வயதுக்குள் தொடங்கி ஆயுள் முழுக்க ரத்தம் ஏற்ற வேண்டிய நோய். ரத்தம் கொடுக்கும் வயதையும் நான் தாண்டிவிட்டேன், உச்சவரம்பு 65. பெரிய தொகை தர வசதியில்லை. நேரம் உண்டு, எழுத்து வேலை வரும், அரசு அலுவலக நடைமுறை தெரியும். என்னைப் போன்றவரால் அங்கே பயன் உண்டா? நோயாளிகளின் வீட்டார் இங்கே இருந்தால் அவர்கள் சொல்வதைத்தான் முதலில் கேட்க விரும்புகிறேன்.

ஓ_பாசிட்டிவ்_கோவை

நல்ல மனசு ஐயா. பிளட் டோனர் வாட்ஸ்அப் குரூப் எல்லாத்துலயும் சேர்ந்துருங்க. "அவசரம், ஏ நெகட்டிவ் ரெண்டு யூனிட் வேணும்"னு வர்ற மெசேஜை உடனே நாலு குரூப்புக்கு அனுப்பினாலே பெரிய சேவைதான். வீட்ல இருந்தே பண்ணலாம்.

மூணு_வாரக்_கணக்கு

என் பையனுக்கு பீட்டா தலசீமியா மேஜர், அதாவது ரத்தம் ஏத்தியே ஆகவேண்டிய கடுமையான வகை. இப்ப பத்தாவது படிக்கிறான். கோவைத் தம்பி நல்ல எண்ணத்துலதான் சொல்லியிருக்காரு. ஆனா எங்க பிள்ளைங்களுக்கு அது சரிப்படாதுங்க.

விபத்துல அடிபட்டவங்களுக்கு எப்ப ரத்தம் தேவைப்படும்னு யாருக்கும் தெரியாது. எங்களுக்குத் தெரியும். இந்த செவ்வாய் ஏத்தினா அடுத்து மூணாவது வாரம் செவ்வாய். நோட்டுலயே எழுதி இருக்கு. அப்படி இருந்தும் அன்னிக்குக் காலைல போய் நின்னா, "உங்க குரூப் ஸ்டாக் இல்லை, டோனரைக் கூட்டிட்டு வாங்க"ங்கறாங்க. அப்பதான் "அவசரம்"னு மெசேஜ் கிளம்புது. மூணு வாரம் முன்னாடியே தெரிஞ்ச தேதி, யாரும் எடுத்துப் பாக்கலை, அவ்வளவுதான். அதுக்குள்ள பையனுக்கு ஹீமோகுளோபின் ஏழுக்கு இறங்கிடுது. ஏத்துறதுக்கு முன்னாடியும் ஒன்பதுக்குக் கீழ போகக்கூடாதுன்னு டாக்டர் சொல்றாங்க. அப்பதான் எலும்பு ஒழுங்கா வளரும், முகம் மாறாது, மண்ணீரல் பெருக்காது. நாலு நாள் தள்ளிப்போனா மாடிப்படி பாதியில உக்காந்துடுவான்.

ஏத்துற நாள் எங்களுக்கு எப்படிப் போகும்னு சொல்றேன். விடியறதுக்கு முன்னாடி பஸ். முதல்ல சாம்பிள் கொடுக்கணும். அவன் ரத்தமும் டோனர் ரத்தமும் ஒத்துப்போகுதான்னு பாக்கற கிராஸ் மேட்ச் முடியற வரைக்கும் காத்திருக்கணும். அப்புறம் கேனுலா, ரத்தம் ஏத்த நரம்புல செருகற சின்னக் குழாய். சின்னதுல இருந்து குத்திக் குத்தி நரம்பே சுலபத்துல கிடைக்காது, ரெண்டு மூணு தடவை குத்த வேண்டி வரும். ஒரு யூனிட் ஏறவே மூணு நாலு மணி நேரம் ஆகும், ரெண்டு யூனிட்னா சாயங்காலம் தாண்டிடும். அவங்க அப்பாவுக்குத் தறி வேலை. அவர் வந்தா அன்னிக்குக் கூலி கிடையாது. அதனால நான் ஒருத்தியேதான் போறேன்.

இதுல எங்க ஆள் வேணும்னு கேக்கறீங்களா ஐயா? நான் ரத்த வங்கிக்கு ஓடிட்டு வர்ற வரைக்கும் பையன் பக்கத்துல உக்கார ஒருத்தர் வேணும். ஏறும்போது குளிர் நடுக்கமோ, அரிப்போ, மூச்சு முட்டறதோ வந்தா உடனே நர்ஸைக் கூப்பிடற ஒருத்தர் வேணும். ரெண்டு நாள் முன்னாடியே ரத்த வங்கிக்குப் போன் போட்டு "செவ்வாய்க்கிழமைக்கு இந்த குரூப் இருக்கா"ன்னு கேட்டு வைக்கறவங்க வேணும். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் ஸ்கூல் போகுது, விட்டுப்போன கணக்கைச் சொல்லித் தந்தா ரொம்ப உதவி. "பாவம்"னு தலையைத் தடவறவங்க மட்டும் வேண்டாம். அவனுக்குக் கோபம் வருது.

ரத்தவங்கி_அக்கா

ரத்த வங்கியில் டெக்னீஷியனாக வேலை பார்த்தவள் நான். மேலே அந்த அம்மா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். எவ்வளவு பேர் தேவை என்று கணக்குப் போட்டால் ஐயாவுக்கே புரியும்.

மூன்று வாரத்துக்கு ஒரு முறை என்றால் ஆண்டுக்கு 17 முறை. வளர்ந்த பிள்ளைக்கு ஒவ்வொரு முறையும் 2 யூனிட், ஆக 34. ஆண்கள் மூன்று மாத இடைவெளியிலும் பெண்கள் நான்கு மாத இடைவெளியிலும்தான் கொடுக்கலாம். சட்டப்படி ஆண் ஒருவர் ஆண்டுக்கு நான்கு முறை கொடுக்க முடியும், நடைமுறையில் இரண்டு முறை தவறாமல் வந்தாலே அவர் நல்ல டோனர். அந்தக் கணக்கில் ஒரு பிள்ளைக்குப் பின்னால் 17 பேர் நிற்க வேண்டும். 40 பிள்ளைகள் வரும் மையம் என்றால் 680 பேர்.

இவ்வளவு பேரையும் ஒரே நாளில் திரட்டிப் பயனில்லை. தலைவர் பிறந்தநாளுக்குப் பெரிய கேம்ப் போட்டு 300 யூனிட் எடுப்பார்கள். பிரித்தெடுத்த சிவப்பணுக்கள் நம் பைகளில் 42 நாள்தான் தாங்கும். தலசீமியா பிள்ளைகளுக்கு அதிலும் எடுத்து இரண்டு வாரத்துக்குள் இருப்பதே நல்லது, நாள்பட்ட சிவப்பணுக்கள் ஏற்றிய பின் நீடிப்பது குறைவு. ஏப்ரல், மே மாதங்களில் கல்லூரிகள் மூடிவிடும், கேம்ப் நின்றுபோகும், ஸ்டாக் வற்றும். பிள்ளைகளின் தேதியோ மே மாதத்திலும் வரும்.

ஆகவே, ஐயா, உங்களுக்கான வேலை இது என்று எனக்குத் தோன்றுகிறது: டோனர் நோட்டு. பெயர், ரத்த வகை, கடைசியாகக் கொடுத்த தேதி, மறுபடி எப்போது கொடுக்கலாம் என்ற தேதி. வாரம் ஒரு நாள் உட்கார்ந்து, இடைவெளி முடிந்தவர்களுக்குப் போன் செய்து, "அடுத்த வெள்ளி வர முடியுமா" என்று கேட்பது. வெளியில் யாருக்கும் தெரியாத வேலைதான். அந்தப் பிள்ளைகளின் ஹீமோகுளோபின் அதில்தான் நிற்கிறது.

இன்னொன்று. பெற்றோரையோ உடன்பிறந்தவர்களையோ அந்தப் பிள்ளைக்கு ரத்தம் கொடுக்கச் சொல்லி நீங்களாகத் தூண்டிவிடாதீர்கள். பிற்காலத்தில் எலும்பு மஜ்ஜை மாற்று செய்வதாக இருந்தால் உடன்பிறந்தவரின் மஜ்ஜைதான் முதலில் பார்க்கப்படும். முன்பே வீட்டார் ரத்தம் ஏறியிருந்தால் உடல் அந்த மஜ்ஜையை ஏற்காமல் போகும் வாய்ப்பு கூடும்.

காசுக்கு ரத்தம் கொடுப்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 1998 ஜனவரி 1 முதல் தடை. ஆனாலும் "ஆளைக் கூட்டி வா" என்று நெருக்கும்போது, வழி தெரியாத குடும்பம் யாரிடமாவது ரகசியமாகப் பணம் கொடுக்கும் நிலைக்குத் தள்ளப்படுகிறது. தலசீமியா, ஹீமோஃபிலியா, சிக்கிள் செல் ஆகிய பரம்பரை ரத்த நோய்கள் உள்ளவர்களுக்குக் கட்டணமின்றி ரத்தம் தர வேண்டும் என்று தேசிய ரத்தமேற்று மன்றத்தின் வழிகாட்டுதலே இருக்கிறது. அதன் நகல் ஒன்று எப்போதும் உங்கள் பையில் இருக்கட்டும். கவுன்டரில் சண்டை போடாமல் நகலை நீட்டி அமைதியாகப் பேசினால் பெரும்பாலும் நடக்கும்.

திருச்சி_மெக்கானிக்கல்

அக்கா, எங்க காலேஜ் என்எஸ்எஸ்ல வருஷத்துக்கு ஒரே ஒரு கேம்ப்தான். அதை மூணா பிரிச்சு, ஒண்ணை செமஸ்டர் லீவுக்கு முன்னாடி கடைசி வாரம் வைக்கலாமா? அப்புறம், ஹாஸ்டல்ல 18 முடிஞ்ச பசங்க நிறைய இருக்காங்க, ஊசின்னா பயம்.

ரத்தவங்கி_அக்கா

தாராளமாகப் பிரியுங்கள் தம்பி. கடைசி வார கேம்ப் மிக நல்ல யோசனை, ரத்த வங்கியிடம் இப்போதே தேதி கேட்டு வையுங்கள். லீவில் சொந்த ஊர் போகும் பசங்களுக்கு அந்தந்த ஊர் அரசு ரத்த வங்கியின் முகவரியையும் கொடுத்தனுப்பலாம். எடை 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். பயப்படுகிற பையனைக் கட்டாயப்படுத்த வேண்டாம். முதல் தடவை பக்கத்தில் நின்று பார்க்கட்டும், சாப்பிடாமல் மட்டும் யாரையும் அனுப்பாதீர்கள். முதல் அனுபவம் நன்றாக இருந்தவன்தான் மறுபடி வருவான்.

இருபத்தேழு_வயது

நானே தலசீமியா மேஜர். பெயர் சொல்லாததற்குக் காரணம் உண்டு, கீழே வருகிறது.

தன்னார்வலர்கள் அன்போடு செய்யும் ஒரு காரியத்தை முதலில் நிறுத்தச் சொல்கிறேன். "ரத்தம் குறைவு" என்று கேட்டதும் பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை சூப், இரும்புச்சத்து டானிக் என்று வாங்கி வருகிறார்கள். எங்கள் உடலில் குறைவாக இருப்பது ஹீமோகுளோபின், இரும்பு அளவுக்கு மீறிக் கிடக்கிறது. ஏற்றும் ஒவ்வொரு யூனிட்டிலும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உள்ளே வருகிறது. அதை வெளியேற்ற உடலுக்கு வழி இல்லை, நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம்தான் தானாகப் போகும். மீதி கல்லீரலிலும் இதயத்திலும் ஹார்மோன் சுரப்பிகளிலும் படிகிறது. ஒழுங்காக ரத்தம் ஏற்றியும் இரும்பை அகற்றாமல் விட்டால் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இதயத்தில் படிந்த இரும்புதான். டானிக்கை எங்களிடம் தரவே கூடாது.

இரும்பை வெளியேற்றத் தினமும் மருந்து. சிறு வயதில் எனக்கு டெஸ்ஃபெரால், வயிற்றுத் தோலில் ஊசி குத்தி, இரவு முழுக்கச் சின்ன பம்ப் ஓடும், வாரத்தில் ஐந்தாறு இரவு. இப்போது டெஃபராசிராக்ஸ் மாத்திரை. வயிறு புரட்டும், சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கும், அதனால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கொரு முறை, உடலில் சேர்ந்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை. ஒரு பிள்ளை மாத்திரையை நிறுத்தினால் மறுநாளே ஒன்றும் தெரியாது, சில ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும். பதினைந்து, பதினாறு வயதில் நிறையப் பேர் நிறுத்துகிறார்கள். "ஏன் போடவில்லை" என்று அப்பா அம்மா கேட்டால் சண்டைதான் வரும். அந்த வயதில் எங்களைப் போல வளர்ந்து வேலைக்குப் போகும் ஒருவர் வந்து பேசினால் காதில் விழுகிறது. அமைப்புகள் வளர்ந்த நோயாளிகளைத் தன்னார்வலர்களாகச் சேர்க்க வேண்டும், எங்களைப் பயனாளிப் பட்டியலிலேயே வைத்திருக்கக் கூடாது.

அடுத்தது புகைப்படம். பிள்ளையின் கையில் கேனுலா, மேலே தொங்கும் ரத்தப் பை, அழும் முகம், கீழே வங்கிக் கணக்கு எண். நன்கொடை வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படம் அந்தப் பிள்ளைக்கு இருபது வயதாகும்போதும் போன் போனாகச் சுற்றும். வேலைக்குக் கேட்கும் இடத்தில், பெண் பார்க்கும் இடத்தில் யாராவது எடுத்துக் காட்டுவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் நிச்சயதார்த்தமே இப்படி நின்றது. தாயிடம் கையெழுத்து வாங்கினேன் என்பது போதாது. ரத்தத்துக்காக நிற்கும் தாய் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுவாள்.

கள்ளக்குறிச்சி_வாத்தியார்

எல்லோரும் சொல்வது சரி. ஆனால் அடிப்படையை யாரும் தொடவில்லையே. இந்த நோய் வராமலே தடுக்க முடியும். தாயும் தகப்பனும் இருவருமே தலசீமியா மைனராக, அதாவது நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். நம் பக்கம் அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்தில் கட்டுவது இன்னும் இருக்கிறது. தன்னார்வலர்கள் வார்டில் வரும் எல்லாக் குடும்பத்துக்கும் அங்கேயே இதை எடுத்துச் சொன்னால் எத்தனையோ பிள்ளைகளின் துன்பம் தவிரும். சிகிச்சைக்கு ஓடுவதைவிட இதுதான் முதல் சேவை.

மூணு_வாரக்_கணக்கு

வாத்தியார் ஐயா, உங்க அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனா தயவுசெஞ்சு வார்டுல வேண்டாம்.

என் பையன் படுத்திருக்கான். பக்கத்துல நின்னு ஒருத்தர் எங்கிட்ட, "கல்யாணத்துக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணியிருந்தா இந்தப் பிள்ளை பிறந்திருக்காதே"ன்னு சொன்னாரு. அவருக்கு அது அறிவுரை. என் பையன் அதைக் கேட்டுட்டு அன்னிக்கு முழுக்க யாரோடயும் பேசலை. ராத்திரி, "நான் பொறக்காம இருந்திருக்கணுமாம்மா"ன்னு கேட்டான். அதுக்கு நான் என்ன சொல்றது? டெஸ்ட்டுன்னு ஒண்ணு இருக்குன்னே எங்க ஊர்ல அப்ப யாருக்கும் தெரியாது. மாமியார் வீட்டுல குறை என்மேல மட்டும்தான் வந்துச்சு. ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வந்தாதான் மேஜர் ஆகும்னு டாக்டர் உக்கார வெச்சு விளக்கின பிறகுதான் அடங்கினாங்க.

ரத்தவங்கி_அக்கா

வாத்தியார் ஐயா சொல்வதில் உண்மை இருக்கிறது. இடம்தான் தவறு. நம் நாட்டில் நூற்றுக்கு மூன்று நான்கு பேர் மைனர் என்பது அரசு சொல்லும் மதிப்பீடு. அவர்களுக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது, ஆகவே தெரியாமலே இருப்பார்கள். ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி என்ற ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகை 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் மைனர். இதைப் பேச வேண்டிய இடம் கல்லூரி, முதல் முறை கர்ப்பமாகி வரும் பெண்களின் பதிவு நாள், சுய உதவிக் குழுக் கூட்டம். கர்ப்பிணிக்கு மைனர் என்று வந்தால் அதே வாரத்தில் கணவருக்கும் எடுக்க வேண்டும், இதில் தாமதம் கூடாது.

நோயுள்ள பிள்ளையின் சித்தப்பா, அத்தை, அக்கா ஆகியோருக்கு மைனராக இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், அவர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். அதைத் தனி அறையில், பிள்ளை இல்லாத நேரத்தில், பயிற்சி பெற்ற ஆலோசகர் சொல்லட்டும். யாருக்கு மைனர் என்ற தகவல் தன்னார்வலர் வாயிலிருந்து ஊருக்குள் போகவே கூடாது. இந்த வேலைக்கு வர விரும்பும் ஆசிரியர்கள் பள்ளி மேல்நிலை வகுப்பில் உயிரியல் பாடத்தோடு சேர்த்தே இதை நடத்தலாம், அங்கே உங்களைப் போல யாராலும் செய்ய முடியாது.

கள்ளக்குறிச்சி_வாத்தியார்

அந்தத் தாய் எழுதியதைப் படித்த பின் வார்டு என்ற பேச்சை விட்டுவிடுகிறேன். பிளஸ் டூ மாணவர்களுக்கு வகுப்பு எடுக்க ஆவன செய்கிறேன். அக்கா, பாடக்குறிப்பு தயாரித்ததும் உங்கள் பார்வைக்கு அனுப்புகிறேன்.

தபால்_தாரமங்கலம்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. டோனர் நோட்டு வேலையை ஏற்றுக்கொள்கிறேன் என்று அறக்கட்டளையில் சொல்லிவிட்டேன். அவர்கள் கூடவே இன்னொன்றும் கேட்டார்கள்: மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்குப் பல குடும்பங்கள் விண்ணப்பிக்கவே இல்லை, உதவ முடியுமா என்று. தலசீமியாவுக்கு அந்த அட்டை உண்டா? அதனால் என்ன கிடைக்கும்?

இருபத்தேழு_வயது

உண்டு சார். 2016 ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் தலசீமியா, ஹீமோஃபிலியா, சிக்கிள் செல் மூன்றும் இருக்கின்றன. அந்த அடையாள அட்டையை யுடிஐடி என்பார்கள், அதற்கு இணையத்தில் பதிய வேண்டும். பிறகு மருத்துவக் குழு முன் நேரில் போக வேண்டும். எச்பிஎல்சி அறிக்கை, ரத்தம் ஏற்றிய நோட்டு, சமீபத்திய ஃபெரிட்டின், ஆதார், ரேஷன் கார்டு, புகைப்படம் எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் எடுத்துக் கோப்பாகக் கட்டிக் கொடுங்கள். ரத்தம் ஏற்றிய மறுநாள் பிள்ளை தெம்பாக இருக்கும், "நன்றாகத்தானே இருக்கிறான்" என்று ஊனச் சதவீதத்தைக் குறைத்துப் போட வாய்ப்பு உண்டு. ஆகவே அந்த நோட்டை மேலே வையுங்கள். பெரும்பாலான உரிமைகள் 40 சதவீதமும் அதற்கு மேலும் இருப்பவர்களுக்குத்தான்.

உயர்கல்வியில் 5 சதவீத இடஒதுக்கீட்டில் நாங்கள் வருகிறோம். அரசு வேலைக்கான 4 சதவீதத்தில் ரத்த நோய்கள் இல்லை, பெற்றோரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், பொய்யான நம்பிக்கை வேண்டாம். சிகிச்சைக்கு ரயிலில் போக நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணச் சலுகை தனியே இருக்கிறது, அதற்கு மருத்துவமனைச் சான்று போதும்.

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் கோல் இந்தியா நிறுவனத்தின் தலசீமியா பால சேவா திட்டத்தையும் சொல்லுங்கள். 2017இல் தொடங்கியது. மஜ்ஜை மாற்றுக்கு 10 லட்சம் ரூபாய் வரை நேரடியாக மருத்துவமனைக்கே கொடுக்கிறார்கள். வேலூர் சிஎம்சி அந்தப் பட்டியலில் உண்டு. தகுதிக்கான வரம்புகள் உண்டு, மஜ்ஜை பொருந்தும் உடன்பிறப்பும் இருக்க வேண்டும். ஓர் உடன்பிறப்பு பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். ஈரலில் இரும்பு அதிகம் படியும் முன் செய்தால்தான் நல்ல பலன், ஆகவே இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகளின் கோப்பை முதலில் எடுங்கள்.

மூணு_வாரக்_கணக்கு

ஐயா, ஒரே ஒரு வேண்டுகோள். எந்த நாள் வர்றீங்கன்னு முடிவு பண்ணிட்டா, உங்களால வர முடியாத வாரம் அந்த நோட்டை யாரு பாக்கறதுன்னு இன்னொருத்தரையும் இப்பவே பழக்கி வெச்சிருங்க. நல்லவங்க நிறையப் பேர் வந்தாங்க. அவங்களுக்கு உடம்பு சரியில்லாமப் போச்சு, பேரப்பிள்ளையைப் பாக்க வெளியூர் போனாங்க, யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனா அவங்ககூடவே டோனர் நம்பர் எல்லாம் போயிடுச்சு, நாங்க திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிச்சோம்.

தபால்_தாரமங்கலம்

புரிந்ததம்மா. நோட்டு இரண்டு பிரதி இருக்கும், ஒன்று அறக்கட்டளை அலுவலகத்தில். வாரநாள் புதன் என்று முடிவு செய்திருக்கிறேன், செவ்வாய் ஏற்றியவர்களின் அடுத்த தேதியை மறுநாளே எழுதிவிட வசதி. என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரையும் அழைத்துப் போகிறேன், அவருக்குக் கம்ப்யூட்டர் நன்றாக வரும். திருச்சித் தம்பி, உங்கள் கடைசி வார கேம்ப் தேதி முடிவானதும் இங்கேயே எழுதுங்கள். சேலம் பக்கத்துப் பசங்களின் பட்டியல் கிடைத்தால் மே மாதத்துக்கு அவர்களைத்தான் முதலில் கூப்பிடுவேன்.

திருச்சி_மெக்கானிக்கல்

கண்டிப்பா ஐயா. எங்க ஹாஸ்டல்ல சேலம், ஆத்தூர், மேட்டூர், ஓமலூர் பசங்க இருக்காங்க. அவங்ககிட்ட சம்மதம் கேட்டுட்டு ரத்த வகையோட அனுப்பறேன்.